மெதுவாதல் பற்றி

1

'மேம்படுத்தல்' என்ற சொல்லுக்குள் தீர்ப்பு முன்னதாகவே எழுதப்பட்டிருக்கிறது. முன்பு இருந்தது கீழ். இப்போது வந்திருப்பது மேல். ஆங்கிலச் சொல்லை அப்படியே 'அப்கிரேடு' என்று வழங்கினாலும் ஏறுமுகம் ஒன்று அதற்குள் இருக்கத்தான் செய்கிறது. இதை ஏற்றுக்கொண்டுவிட்டால், இயங்குதளம் மேம்படுத்தப்பட்ட மறுநாள் ஒரு மடிக்கணினி மெதுவாகிப் போகும்போது, குற்றம் மேம்பாட்டின் மீது விழ வழியே இல்லை. அது கணினியின் மீதுதான் விழும். 'பழசாகிவிட்டது' என்கிறோம். நேற்று இரவு வரை பழசாகாமல் இருந்த ஒன்று இன்று காலையில் எப்படிப் பழசாயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பதுதான் என் நோக்கம். இது எந்திரம் பழுது பார்ப்பவரின் கேள்வி, நமக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இன்று பேனாவை விட்டுவிட்டுக் கணினியில்தான் எழுதுகிறார்கள் என்பது ஒரு சாதாரணமான பதில். என்னுடைய பதில் வேறு. 'மெதுவு' என்பது ஒரு பொருளின் குணமா, அல்லது அந்தப் பொருளுக்கும் அதனிடம் கேட்கப்படுவதற்கும் இடையில் உள்ள உறவா என்பது தத்துவக் கேள்வி. அந்த உறவை மாற்றி அமைக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பது தார்மீகக் கேள்வி. இரண்டும் ஒரு சாதாரண மடிக்கணினிக்குள் சேர்ந்து கிடக்கின்றன.

2

நான் இருக்கும் ஆத்தூர், தாமிரபரணி கடலில் சேருவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம். அதற்கும் கீழே, புன்னைக்காயலில் ஆறு முடிவதற்குள் இருக்கிற ஊர்களில் இது ஒன்று. வெற்றிலைக் கொடிக்கால் ஊர். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கொடிக்கால் ஈரம் காயப் பொறுக்காத பயிர் என்பதால் இங்கே தண்ணீரைப் பற்றிய பிரக்ஞை எல்லோருக்கும் உண்டு. கடைமடையில் இருப்பவனுக்குப் பாடமாகத் தெரிந்த ஒரு விஷயம்: வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் வாய்க்கால் சுருங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. மேலே எங்கோ ஒரு மடை திறந்திருக்கிறது. தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தண்ணீர் எடுக்கும் 20 எம்.ஜி.டி. திட்டத்தை எதிர்த்து இந்தப் பக்கத்து மனிதர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள் என்றால், அதற்குக் காரணம் இந்தப் பாடம்தான்.

இயங்குதளம் மாறிய பிறகு என் மடிக்கணினியில் ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரைக்கு வர ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. ஊரில் பழுது பார்க்கிற பையனிடம் கொண்டுபோனேன். அவன் அதைத் திறந்து, ஓடிக்கொண்டிருப்பவற்றின் பட்டியலை வரவழைத்து, சிறிது நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணாச்சி, மிஷின் மெதுவாகல. அதுக்கு வேலை கூடிட்டு, அவ்வளவுதான்."

அந்தப் பட்டியலில் நூற்றுச் சொச்சம் காரியங்கள் நடந்துகொண்டிருந்தன. என்னிடம் உள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அட்டவணை போடுகிறது ஒன்று. கிருமி இருக்கிறதா என்று சோதிக்கிறது ஒன்று. அடுத்த தவணை மாற்றங்களை இறக்கிக்கொண்டிருக்கிறது ஒன்று. என் கோப்புகளின் பிரதியைத் தொலைவில் உள்ள கிடங்குக்கு அனுப்புகிறது மற்றொன்று. நான் எதை எவ்வளவு நேரம் உபயோகித்தேன் என்று தன் எஜமானனுக்கு அறிக்கை எழுதுகிறது இன்னொன்று. நான் கேட்காத செய்திகளையும் விளம்பரங்களையும் வரவழைத்து வைத்துக்கொள்கிறது வேறொன்று. இத்தனைக்கும் கீழே, கடைசியில், நான் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை. என் சொந்தக் கணினியில் நான் கடைமடைக்காரனாக இருந்தேன்.

இதன் யதார்த்தமான பொறியமைப்பையும் சொல்லிவிட வேண்டும். செயலி ஒரு விநாடியில் செய்யக்கூடிய காரியங்களின் எண்ணிக்கை மாறவில்லை. அது கடையில் வாங்கிய அன்று எப்படியோ இன்றும் அப்படியே. ஆனால் காரியங்கள் பெருகி நினைவகம் நிரம்பிவிட்டால், இயங்குதளம் அதில் ஒரு பகுதியைத் தூக்கி வட்டில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது மறுபடி எடுத்துக்கொள்கிறது. சுழலும் வட்டு நினைவகத்தைவிட ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு மந்தமானது. நினைவகத்திலிருந்து ஒன்றை எடுக்க ஒரு விநாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், வட்டிலிருந்து எடுக்க ஒரு நாளுக்கும் மேலாகும். மடித்த வெற்றிலையை வாயில் போட்டுக்கொள்வதற்கும், கொடிக்காலுக்கு நடந்து போய்க் கிள்ளிக்கொண்டு மறுநாள் வருவதற்கும் உள்ள வித்தியாசம். திரையில் நாம் பார்க்கும் தயக்கத்தில் பெரும்பகுதி இந்தப் போக்குவரத்துத்தான்.

1995இல் வந்த விண்டோஸ் 95 இயங்குவதற்குக் கேட்ட குறைந்தபட்ச நினைவகம் 4 எம்.பி. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 கேட்பது 4 ஜி.பி. இருபத்தாறு ஆண்டுகளில் வாசலில் நிற்பதற்கான கட்டணமே ஆயிரம் மடங்கு கூடியிருக்கிறது. அதே 1995இல் நிக்லாஸ் விர்த் என்ற சுவிஸ் கணினி விஞ்ஞானி, மெலிந்த மென்பொருளுக்காக வாதாடி ஒரு கட்டுரை எழுதினார். வன்பொருள் வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் மெதுவாகிறது என்பது அதன் சாரம். பின்னர் இது அவர் பெயராலேயே ஒரு விதியாக வழங்கலாயிற்று. பாஸ்கல் மொழியை உருவாக்கியவர் அவர். தன் வாழ்நாளில் பல மொழிகளையும் இயங்குதளங்களையும் சிறியதாகவே செய்து காட்டிய மனிதர். 2024இன் முதல் நாளில் காலமானார். அவர் விதியைப் பொய்ப்பிக்க யாரும் பெரிதாக முயன்றதாகத் தெரியவில்லை.

நம் மரபில் ஆன்மாதான் பழையது. உடல்களை அது மாற்றிக்கொண்டே போகிறது. இங்கே தலைகீழ். உடல் பழையது, அதற்குள் புதிய ஆன்மா வந்து குடியேறுகிறது. திருமூலர் இடையன் மூலனின் உடலில் புகுந்த கதையில் மாடுகள் திருப்தியடைந்து வீடு திரும்பிவிடுகின்றன. மூலனின் மனைவிதான் வந்திருப்பது வேறு ஆள் என்று கண்டுகொள்கிறாள். கணினியை உபயோகிக்கிறவனும் அந்த மனைவியின் ஸ்திதியில்தான் இருக்கிறான். உடலைப் பார்த்து 'உனக்கு வயதாகிவிட்டது' என்று சொல்வதற்கு முன், உள்ளே இருப்பது யார் என்று அவன் கேட்டாக வேண்டும்.

3

இந்த இடத்தில் ஒரு சுலபமான பதில் காத்திருக்கிறது. எல்லாம் சதி, புதியதை விற்பதற்காகப் பழையதை வேண்டுமென்றே மெதுவாக்குகிறார்கள். இந்தப் பதிலுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1924இல் ஜெனீவாவில் மின்விளக்குக் கம்பெனிகள் கூடி, ஒரு விளக்கின் ஆயுள் ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. ஃபீபஸ் கூட்டமைப்பு என்று அதற்குப் பெயர். அதிகநேரம் எரியும் விளக்கைச் செய்த கம்பெனிக்கு அபராதம். நன்றாகச் செய்ததற்காகத் தண்டனை பெறுவது இலக்கியத்தில் மட்டும் நடப்பதல்ல என்று தெரிந்துகொள்ளலாம்.

நம் காலத்துக்கு வந்தால், 2017 டிசம்பரில் ஆப்பிள் கம்பெனி, மென்பொருள் மாற்றங்களின் மூலம் பழைய ஐபோன்கள் சிலவற்றின் வேகத்தைக் குறைத்திருந்ததை ஒப்புக்கொண்டது. 2020 பிப்ரவரியில் பிரான்ஸின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு அதற்கு இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தது. சதிக்கு வேறு என்ன சாட்சி வேண்டும் என்று தோன்றும்.

ஆனால் இந்த வழக்கை நிதானமாகப் பார்த்தால் விஷயம் அத்தனை நேராக இல்லை. மின்கலம் தேய்ந்துபோன போன், திடீரென்று அதிக மின்சாரம் கேட்கப்படும்போது அணைந்துவிடுகிறது. அணைவதைத் தடுக்க அதன் வேகத்தைக் குறைத்தோம் என்பது கம்பெனி சொன்ன காரணம். பொறியியல்ரீதியாக அது பொய்யல்ல. நடுவழியில் செத்துப்போகிற போனைவிட மெதுவாக உயிரோடு இருக்கிற போன் மேல் என்று ஒருவர் நியாயமாகவே நினைக்கலாம். பிரெஞ்சு அமைப்பு அபராதம் விதித்தது வேகத்தைக் குறைத்ததற்காக அல்ல. குறையக்கூடும் என்பதைச் சொந்தக்காரர்களுக்குத் தெரிவிக்காமல் இருந்ததற்காக. மின்கலத்தை மாற்றியிருந்தால் அந்தப் போன் பழைய வேகத்துக்குத் திரும்பியிருக்கும். சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய காரியம். சொல்லப்படாததால் மனிதர்கள் தங்கள் போன் பழசாகிவிட்டது என்று நம்பிப் புதியது வாங்கினார்கள்.

தார்மீகப் பிரச்னை இருக்கும் இடம் மௌனம் என்பது இதிலிருந்து தெரிகிறது. மெதுவாக்குவதற்குக் காரணம் இருக்கலாம். காரணத்தை மறைத்தால், பொருளின் மீது தவறான தீர்ப்பு ஒன்றை அதன் சொந்தக்காரனையே எழுத வைக்கிறோம். சதியைவிட இது நுட்பமான தீங்கு. சதிக்குப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்குப் பேசாமல் இருந்தால் போதும். மிச்சத்தை 'பழசாகிவிட்டது' என்ற நம்முடைய சொல்லே பார்த்துக்கொள்ளும்.

4

எதிர்த் தரப்பையும் அதன் முழுப் பலத்தோடு சொல்லவேண்டும். இல்லாவிட்டால் பழசின் மீதுள்ள வாஞ்சை ஒன்று வாதம் என்ற பெயரில் உள்ளே வந்துவிடும்.

2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற இரண்டு ஓட்டைகளைப் பற்றிய செய்தி வெளியாயிற்று. அவை மென்பொருளில் இல்லை. செயலியின் அமைப்பிலேயே இருந்தன. நவீன செயலிகள் தங்கள் வேகத்தில் ஒரு பகுதியை ஊகத்தால் பெறுகின்றன. அடுத்து எந்தக் கட்டளை வரும் என்று முன்கூட்டியே யூகித்து, அதைச் செய்தும் வைத்துவிடுகின்றன. யூகம் சரியானால் நேரம் மிச்சம்; தவறானால் செய்ததைத் தூக்கி எறிந்துவிடுகின்றன. தூக்கி எறியப்பட்டதன் தடயம் உள்ளே தங்கிவிடுகிறது. அந்தத் தடயத்தின் வழியாக ஒரு மென்பொருள் மற்றொன்றின் ரகசியத்தைப் படித்துவிடலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். இயங்குதளக்காரர்கள் அவசரமாக ஒட்டுப் போட்டார்கள். அந்த ஒட்டுகள் பழைய செயலிகளைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மெதுவாக்கும் என்று மைக்ரோஸாஃப்டே அந்த மாதம் வெளிப்படையாகச் சொன்னது.

இங்கே மெதுவாதலின் பொருள் வேறாகிவிடுகிறது. முன்பு இருந்த வேகம் நமக்கு நியாயமாக உரியதுதானா என்ற கேள்வி வருகிறது. கதவைத் தாழிடாமல் வந்து போனதால் மிச்சமான நேரம் அது. தாழிட ஆரம்பித்த பிறகு தாமதமாகிறது என்று புகார் சொல்வதில் சாரமில்லை.

இன்னொரு உதாரணம். 2017 மே மாதம் வானாக்ரை என்ற கிருமி நூற்றைம்பது நாடுகள் வரை பரவியது. அது நுழைந்த ஓட்டைக்கு மார்ச் மாதமே ஒட்டு வந்திருந்தது. போட்டுக்கொள்ளாதவர்களின் கணினிகள் பூட்டப்பட்டன. பூட்டப்பட்ட ஒவ்வொன்றும் அடுத்ததைத் தேடிப் போயிற்று. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போடப்பட்டன. 'என் கணினி, என் விருப்பம், நான் மாற்ற மாட்டேன்' என்ற வாக்கியம் அந்த வாரத்தில் தன் அப்பாவித்தனத்தை இழந்துவிட்டது. வலையில் இணைந்திருக்கிற கணினி முழுக்கச் சொந்தக்காரனுடையது மட்டுமல்ல. ஒரே வாய்க்காலில் பாசனம் செய்கிறவன் தன் வரப்பை உடையவிட்டால் பக்கத்து வயலுக்கும் அவன் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆகவே மெதுவாதல் சில சமயம் ஒரு வரி. மற்றவர்களோடு சேர்ந்து வாழ்வதற்காகக் கொடுப்பது. வரி கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. எதற்கென்று தெரியாமல், ரசீது இல்லாமல் பிடிக்கப்படுவதைத்தான் எதிர்க்கிறேன்.

5

பழுது பார்த்தல் என்ற காரியத்துக்கு ஒரு அறிவுமுறை மட்டுமல்ல, ஒரு நியாயமுறையும் இருக்கிறது என்பது அந்தப் பையனின் வேலையைக் கவனித்தபோது எனக்குப் புலப்பட்டது. அவன் முதலில் ஒன்றும் செய்யவில்லை. மின்சாரத்தில் செருகி, அணைக்காமல், இரண்டு நாள் அப்படியே ஓடவிடச் சொன்னான். இயங்குதளம் மாறியதும் அட்டவணை போடுவது, சோதிப்பது, மிச்சத்தை இறக்குவது போன்ற ஒருமுறை வேலைகள் குவிந்திருக்கும்; அவை முடிந்தால் பாதிப் புகார் தானாகத் தீர்ந்துவிடும். தீராத பாதியைத்தான் விசாரிக்க வேண்டும். பிறகு வட்டில் காலி இடம் எவ்வளவு என்று பார்த்தான். பின், கணினி விழிக்கும்போது கூடவே விழித்துக்கொள்ளும் மென்பொருள்களின் பட்டியலில் வேண்டாதவற்றை நிறுத்தினான். திரையையும் வலையையும் இயக்கும் துணை மென்பொருள்கள் புதிய இயங்குதளத்துக்குப் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்தான். அதன் பிறகுதான் திருப்புளியைக் கையில் எடுத்தான். விசிறிக்குள் தூசி அடைந்திருந்தால் செயலி சூடாகித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உப்பளங்களும் கடற்காற்றும் உள்ள இந்தப் பகுதியில் அதைப் பார்க்காமல் விடக்கூடாது என்றான். எல்லாம் ஆன பிறகு, சுழலும் வட்டைக் கழற்றிவிட்டு, சுழலாத நினைவட்டு ஒன்றைப் பொருத்தினான். எழுத்துகள் மறுபடி விரலுக்குக் கீழேயே வந்தன.

இந்த வரிசையில் ஒரு கொள்கை இருக்கிறது. செலவில்லாததை முதலில், திருப்பிக்கொள்ள முடிந்ததை அடுத்து, திருப்ப முடியாததைக் கடைசியில். சந்தேகத்தைக்கூட ஒரு ஒழுங்கில்தான் பட வேண்டும். 'தூக்கிப் போடு' என்பது திருப்ப முடியாத தீர்ப்பு. அதை முதல் நாளே சொல்கிறவன் விசாரணை நடத்தாத நீதிபதி. நம்மில் பலர் புத்தகங்களுக்கும் மனிதர்களுக்கும் இந்த அளவு விசாரணைகூட நடத்துவதில்லை.

விசாரித்துப் பார்த்தால் மூன்றுவித மெதுவுகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன. முதலாவது, புது வீட்டில் சாமான் அடுக்குகிற மெதுவு. சில நாளில் போய்விடும். இரண்டாவது, பாதுகாப்புக்காகக் கொடுக்கிற மெதுவு, பொறுத்துக்கொள்ள வேண்டியது. மூன்றாவது, நான் கேட்காத, எனக்குப் பயனில்லாத, வேறொருவரின் லாபத்துக்காக என் வாய்க்காலில் திறக்கப்பட்ட மடைகளால் வருகிற மெதுவு. நியாயமான கோபம் இந்த மூன்றாவதற்குத்தான் உரியது. மூன்றையும் ஒன்றாக்கி 'அப்டேட் செய்தாலே கெட்டுப்போகும்' என்று சொல்கிறவன், மூன்றாவதைச் செய்கிறவனுக்குத்தான் உதவி செய்கிறான். ஏனென்றால் அவனும் மூன்றையும் ஒன்றாக்கித்தான் 'மேம்படுத்தல்' என்று சொல்கிறான்.

விண்டோஸில் ஒரு ஏற்பாடு உண்டு. பெரிய மாற்றத்துக்குப் பின் பழைய இயங்குதளத்தை ஒரு மூலையில் பத்திரமாக வைத்திருக்கும். விரும்பினால் பத்து நாட்களுக்குள் திரும்பிப் போகலாம். அதன் பின் பழையது அழிக்கப்பட்டுவிடும். நம் வீடுகளிலும் பத்தாம் நாளோடு ஒரு கணக்கு முடிகிறது. ஆனால் முதல் சில நாட்கள் தற்காலிக மெதுவிலேயே போய்விடுகின்றன என்பதை நினைத்தால், உண்மையில் தீர்மானிக்கக் கிடைக்கிற அவகாசம் ஒரு வாரம்கூட இல்லை. சம்மதம் கேட்கப்பட்டது என்று சொல்லிக்கொள்ள அது போதும். சம்மதிப்பதற்குப் போதாது.

6

மெதுவாக்குவதைத் தவிர இன்னொரு வழியும் உண்டு. உள்ளே விடாமலே இருப்பது. விண்டோஸ் 11 அப்படிச் செய்தது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்கவேண்டும், செயலி ஏறத்தாழ 2017, 2018க்குப் பிந்தைய தலைமுறையாக இருக்கவேண்டும் என்று நிபந்தனை வைத்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டன. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. தனி நபர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது என்றாலும் திசை தெளிவாகத்தான் இருக்கிறது.

இதில் எது மேல்? உள்ளே விட்டுத் திணறவைப்பதா, வாசலிலேயே மறுப்பதா? மறுப்பில் ஒரு நேர்மை இருக்கிறது. நிபந்தனை அச்சில் இருக்கிறது, நான் தீர்மானித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நேர்மையின் விலையைக் கொடுப்பது யார் என்று பார்த்தால் மனம் சமாதானமடைவதில்லை. காவல் இல்லாத கணினி, சொன்ன தேதிக்குப் பிறகு, வலையில் வைக்கத் தகாததாகிறது. வாங்க முடிந்தவன் புதியது வாங்குகிறான். முடியாதவன் காவல் இல்லாமல் இருக்கிறான். எடுத்து எறியப்பட்டது யாரோ ஒருவரின் ஊரில் ஈயமும் பிளாஸ்டிக்கும் எரியும் புகையாகிறது.

தமிழ்நாட்டில் இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் வழங்கப்பட்டன. பல குடும்பங்களில் வீட்டுக்குள் வந்த முதல் கணினி அதுதான். மூடியில் முதலமைச்சரின் படம் ஒட்டிய அந்தக் கணினிகள் இந்தப் பக்கத்து வீடுகளிலும் பரணில் கிடக்கின்றன. அவற்றை எடுத்துத் தூசி தட்டினால் பல இன்னும் விழித்துக்கொள்ளும். விழித்துக்கொள்வதற்கும் உபயோகப்படுவதற்கும் இடையில் இயங்குதளம் நிற்கிறது. அரசு கொடுத்தது பொருளை. பொருளின் ஆயுளை நிர்ணயிக்கும் அதிகாரம் வேறிடத்தில் இருந்தது.

இதை அரசு அறியாமல் இருக்கவில்லை. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிய இருந்தபோது, தமிழக அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸுக்கு மாறிக்கொள்ளச் சொன்னது. சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்காகத் தயாரித்த, திறந்த மூல இயங்குதளம் அது. எல்காட் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே லினக்ஸ் பக்கம் திரும்பிப் பார்த்திருந்தது. திறந்த மூலத்தில் எல்லாம் சுகம் என்று நான் சொல்ல வரவில்லை. அச்சுப்பொறி ஓடாமல், பழைய எழுத்துரு விழாமல் அவதிப்பட்டவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அதில் மடைகள் எங்கே இருக்கின்றன என்று பார்க்கலாம், வேண்டாததை அடைக்கலாம், பழைய உடலுக்கு ஏற்ற மெல்லிய ஆன்மா ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நீர்பாய்ச்சியை ஊரே நியமிப்பதற்கும், எங்கோ இருக்கும் கம்பெனி அனுப்பிவைப்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

எழுதுகிறவர்களுக்கு இதில் தனியான ஒரு நஷ்டமும் உண்டு. விண்டோஸ் 11 அறுபத்துநான்கு பிட் இயங்குதளமாக மட்டுமே வருகிறது. பதினாறு பிட் காலத்து மென்பொருள்கள் அதில் ஓடாது. ஒருங்குறி வருவதற்கு முன் ஆளுக்கொரு குறியீட்டில் தட்டி வைத்த தமிழ், அந்தந்த எழுத்துருவும் மென்பொருளும் இல்லாவிட்டால் ஐரோப்பிய எழுத்துகளின் குப்பையாகத்தான் திரையில் விழும். எத்தனை சிறுபத்திரிகைகளின் பிரதிகள் அப்படிக் கிடக்கின்றன என்று இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அந்தக் கோப்புகளைப் படிக்கத் தெரிந்த கடைசி வாசகன், நாம் மெதுவென்று சொல்லித் தூக்கிப்போட இருக்கிற அந்தப் பழைய கணினியாக இருக்கலாம்.

7

அளவுகோலை நகர்த்திவிட்டு, அளக்கப்படுகிறவனைக் குறைசொல்லும் இந்தப் பழக்கம் எந்திரத்தோடு நிற்பதில்லை. நியாயவிலைக் கடையில் விரல்ரேகைக் கருவி வைத்த பிறகு, உப்பளத்தில் வேலைசெய்து விரல் தேய்ந்த ஒரு கிழவி, தான் தானேதான் என்று நிரூபிக்க முடியாமல் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் இருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். வரிசையை மெதுவாக்குகிறவள் அவள் என்று எல்லோருக்கும் தோன்றுகிறது. நேற்று வரை அட்டையை நீட்டி அரிசி வாங்கிப் போனவள் அவள். அவளிடம் எதுவும் மாறவில்லை. போலிகளைத் தடுக்க வந்த ஏற்பாடு என்பதும் உண்மைதான். ஸ்பெக்டர் ஒட்டைப்போல இதற்கும் காரணம் உண்டு. ஆனால் அந்தக் காரணத்தின் முழுச் சுமையும் தேய்ந்த விரல்களின் மீது இறங்குவது, காரணம் இருப்பதாலேயே நியாயமாகிவிடாது. பழுது பார்க்கும் பையன் கணினிக்குக் கொடுத்த விசாரணையை அவளுக்குக் கொடுப்பவர் யார்?

இலக்கியத்துக்கும் இது பொருந்தும். 1959இல் 'எழுத்து' தொடங்கியதிலிருந்து, புதுமை என்பதை ஒரு மதிப்பீடாக வைத்துத்தான் நவீன விமர்சனம் பேசி வந்திருக்கிறது. அதற்கு அப்போது தேவை இருந்தது. யாப்பு தேய்ந்த சாலாக ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் ஒரு கவிதை மெதுவாகப் படிகிறது என்றால் கவிதை பழசாகிவிட்டதா, அல்லது வாசிக்கிறவனின் மனத்தில் மேல்மடைகள் பல திறந்துவிட்டனவா என்று விசாரிக்கிற வழக்கம் நம் விமர்சனத்தில் நிலைபெறவில்லை. 'பழசு' என்பது விமர்சனச் சொல்லே அல்ல. எதைச் செய்யச் சொல்லி எதனிடம் கேட்கிறோம் என்பதைச் சொல்லாமல் தப்பிக்க உதவும் சொல் அது.

எனவே நான் கேட்பது அதிகமில்லை. மாற்றுகிறவன் எதை மாற்றுகிறான், அதனால் எது குறையும் என்று முன்கூட்டிச் சொல்லவேண்டும். பாதுகாப்புக்கான மாற்றத்தையும் விளம்பரத்துக்கான மாற்றத்தையும் ஒரே மூட்டையில் கட்டி நீட்டாமல் தனித்தனியாகத் தரவேண்டும். திரும்பிப் போகும் வழியைப் பத்தாம் நாள் அடைக்காமல், மனிதன் யோசித்து முடிக்கும் வரை திறந்துவைக்க வேண்டும். நம் பங்குக்கு நாம் செய்யக்கூடியது, 'மேம்படுத்தல்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'மாற்றம்' என்று சொல்வது. மாற்றம் என்று சொன்னால், யார் மாற்றினார், யாருக்காக, எந்த மடையைத் திறந்து என்ற கேள்விகளுக்கு இடம் இருக்கும். மேம்பாடு என்று சொல்லிவிட்டால் அந்த இடம் இல்லை.